மூன்று எல்லைகள் கூடும் இடம்

(பேகம்பேட்டில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய உரையும் இன்னிசையும் கேட்டுப் பழகிய இவ்வவையில் தேசப்படங்களைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கிறோம். நம் குடியிருப்பைச் சேர்ந்த சிலர் ஒன்றுகூடிப் பழைய தேசப்படங்களைத் திரட்டி வருவதை உங்களிற் பலர் அறிவீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபிட்ஸ் நடைபாதையில் விரிக்கப்படும் பழைய புத்தகக் கடைகளே எங்கள் சுரங்கம். கிழிந்த பள்ளிக்கூட அட்லாஸ், இரயில்வே வழிப்படம், யாரோ ஒரு ஓவர்சியர் வீட்டிலிருந்து வந்த அளவைத் தாள் என்று எது கிடைத்தாலும் கொணர்ந்து விரித்துவிடுவோம். அவற்றில் நாங்கள் தேடுவது ஆறும் மலையும் அல்ல. மூன்று நாடுகளின் எல்லைகள் ஒரே இடத்தில் வந்து கூடுகின்ற புள்ளிகளையே தேடுகிறோம். மூன்று தெருக்கள் கூடுமிடத்தை முச்சந்தி என்கிறோம். மூன்று ஊர்களின் எல்லை கூடுமிடத்திற்கும் அதுவே பெயர். நாடுகளுக்கும் அச்சொல்லையே வைத்துக்கொள்வோம்.

இஃது என்ன வேலையற்ற வேலை என்று வீட்டில் உள்ளோர் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை கூறவே இம்மேடைக்கு வந்தோம். இரு நாடுகளுக்கு இடைப்பட்ட எல்லை ஒரு கோடு. அதனை இருவர் பேசி முடித்துக்கொள்ளலாம். முச்சந்தி அப்படிப்பட்டதன்று. அண்ணனும் தம்பியும் வரப்புப் போட்டுக்கொண்டாலும், அவ்வரப்பு போய் முட்டுகின்ற இடத்தில் அண்டை நிலக்காரன் ஒருவன் நிற்கிறான் அல்லவா? அவன் ஒப்பினால் அன்றி அந்த மூலைக்கல் நிலைபெறாது. ஆதலின், பழைய படம் ஒன்றில் முச்சந்தியைக் கண்டவுடன் நாங்கள் கேட்கும் முதற் கேள்வி, மூன்றாமவரைக் கேட்டார்களா என்பதே. விடை கிடைக்கும்போது அப்படத்தின் காலத்து வரலாறு முழுவதும் கண்முன் வந்து நிற்கிறது.

தமிழராகிய நமக்கு முச்சந்தி புதியதன்று. மூவேந்தர் நாடுகள் இருந்தன என்றால், அம்மூன்றும் கூடிய இடம் ஒன்றும் இருந்திருத்தல் வேண்டும். அவ்விடம் எது? கரூர் மாவட்டத்தில், காவிரியின் தென்கரையில், மாயனூருக்கு அருகே மதுக்கரை என்றோர் ஊர் உண்டு. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சிமெண்டு ஆலை உள்ள மதுக்கரையோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இம்மதுக்கரையில் செல்லாண்டியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். சேரன், சோழன், பாண்டியன் மூவரும் எல்லைக்காகப் பூசலிட்டபோது அம்மையே நின்று எல்லையை வகுத்துக் கொடுத்தாள் என்பது அவ்வூர் மக்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. காவிரியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பழங்கரையின் எச்சத்தையும், வடகரையில் காவிரியோடு வந்து கலக்கும் கரைபோட்டான் ஆற்றையும் அதற்குச் சான்றாகக் காட்டுவர்.

மண்டலங்களின் எல்லைகளைக் கூறும் தனிப்பாடல்கள் சில நம்மிடையே வழங்குகின்றன. அவற்றில் சோழ மண்டலத்தின் தெற்கெல்லையாகவும் பாண்டி மண்டலத்தின் வடக்கெல்லையாகவும் வெள்ளாறு ஒன்றே கூறப்படுகிறது. இருவர் கூற்றும் ஒத்திருத்தலின் அங்கே வழக்கில்லை. சோழனுடைய மேற்கெல்லையாகச் சொல்லப்படுவது கோட்டைக்கரை. குளித்தலைப் பகுதியில் அடையாளம் காணப்பட்ட பெருங்கரையே அஃதென வரலாற்றாசிரியர் கருதினர். வெள்ளாறு ஒரு பக்கம், கரை ஒரு பக்கம் என்று கோடிட்டுப் பார்த்தால், மதுக்கரை மக்கள் சொல்லும் கதை வெறுங்கதையன்று என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மூன்று வேந்தரும் எக்காலத்தில், எந்த ஆண்டில் இங்கே கூடினர் என்று கேட்டால் கதை விடை கூறாது. ஆயினும், எல்லையை வகுக்க மூவருக்கும் பொதுவான ஒருத்தி தேவைப்பட்டாள் என்னும் அறிவு அக்கதையில் இருக்கிறது.

கதையை விடுத்துச் செப்பேட்டைப் பார்ப்போம். சோழர் காலத்தில் ஓர் ஊரைக் கொடையாக அளித்தால், பெண் யானையை அவ்வூர் எல்லை நெடுகிலும் நடத்தி, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நட்டனர். இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு அளிக்கப்பட்ட ஆனைமங்கலக் கொடையின் செப்பேட்டில் இதனைக் காணலாம். நம் பிள்ளைகளுக்கு யானை நடந்த செய்திதான் இனிக்கும். எங்களுக்கோ, அச்செப்பேட்டின் இறுதியில் அண்டை ஊரார் சார்பில் கையெழுத்திட்டோர் பெயர்கள் நீண்டு செல்வதே பெரிதாகத் தோன்றியது. எல்லையைத் தொட்டு வாழ்ந்தவர் யார் யாரோ, அவரெல்லாம் உடன் நடந்து உடன்பட்டிருக்கின்றனர்.

யானைக்குப் பின்னர் வந்தது கண்ணாடிக் கருவி. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்னும் படைத்தலைவர் ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியப் பெருநிலம் அளக்கப்பட்டது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து அரை டன் எடையுள்ள தியோடலைட்டு மோதிச் சேதமுற்ற கதை அளவைத் துறையில் புகழ்பெற்றது. நாம் அறிய வேண்டுவது வேறொன்று. அம்முக்கோணங்கள் தமிழகத்திலிருந்து வடக்கே ஏறி நிஜாம் நாட்டிற்குள் புகுந்தன. 1815-இல் பீதருக்கு அருகில் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. 1818-ஆம் ஆண்டின் இறுதியில், பின்னாளில் மலைச் சிகரத்திற்குப் பெயரான எவரெஸ்டு, லாம்டனிடம் உதவியாளராக வந்து சேர்ந்ததும் இந்த ஐதராபாத்தில்தான். பரங்கிமலையில் தொடங்கிய கோடு நமக்கு முன்னரே இங்குக் குடியேறிவிட்டது என்று சொல்லிக் கொள்வோம்!

நம் பேகம்பேட்டிற்கும் படம் எழுதிய பெருமை உண்டு; ஆனால் அது மண்ணின் படமன்று. இங்குள்ள நிஜாமியா வானாய்வுக் கூடம், உலக வானியலார் பலர் கூடி விண்மீன்களைப் படம்பிடித்துப் பட்டியலிட்ட பெருமுயற்சியில் பங்கு கொண்டது. 1887-இல் பாரிசு நகரில் கூடிய மாநாட்டில், எந்தக் கூடம் வானத்தின் எப்பட்டையைப் படம்பிடிப்பது என்று பேசிப் பங்கிடும் முறை வகுக்கப்பட்டது. பின்னர்த் தென்வானில் 17 பாகை முதல் 23 பாகை வரையுள்ள பட்டை இக்கூடத்தின் பொறுப்பாயிற்று. வானத்தைப் பங்கிடுவதில் எவரும் வாள் உருவவில்லை. அங்கே குடியிருப்பார் இல்லாததே காரணம் போலும்.

இனி நம் காலடி மண்ணுக்கு வருவோம். எங்கள் திரட்டில் பழைய ஐதராபாத் சமஸ்தானத்தைக் காட்டும் படங்கள் சில உள்ளன. அவற்றின் தென்மேற்கு மூலையில் துங்கபத்திரை ஓடுகிறது. ஆற்றின் தென்கரை சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டம். வடகரையில், மேற்கே பம்பாய் மாகாணத்தின் தார்வாடு. கிழக்கே நிஜாமின் கொப்பள். மூன்றும் அவ்வாற்றில் வந்து கூடுகின்றன. 1800-இல் நிஜாம் பெல்லாரி முதலிய பகுதிகளைக் கும்பினிக்குக் கொடுத்துவிட்டதால் ஆறு எல்லையாயிற்று. அப்போது தார்வாடு பக்கம் பேஷ்வாவினுடையது. ஆகவே 1818-இல் பேஷ்வா வீழும் வரை அம்முச்சந்தியில் மராட்டியர், நிஜாம், கும்பினி என்னும் மூன்று தனி அரசுகள் முகத்தோடு முகம் நோக்கி நின்றன. அதன் பிறகு இரண்டு பக்கங்கள் ஆங்கிலேயருடையவை ஆயின.

இந்த முச்சந்தியை இன்றைய படத்தில் தேடுங்கள், கிடைக்காது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது பெல்லாரியின் பெரும்பகுதி மைசூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தார்வாடும், கொப்பளை உள்ளடக்கிய ராய்ச்சூரும் அதே மைசூரைச் சேர்ந்தன. மூன்று அரசுகளின் சந்திப்பு ஒரே மாநிலத்தின் உள்நாட்டு ஆற்றங்கரை ஆகிவிட்டது. இன்று அங்கே கூடுவன கதக், கொப்பள், விஜயநகர மாவட்டங்கள். அவற்றுள் விஜயநகரம் 2021-இல்தான் பெல்லாரியிலிருந்து பிரிந்தது.

ஐரோப்பாவிலும் இத்தகைய இடம் ஒன்றுண்டு. செருமானியம், ஆஸ்திரியா, உருசியா என்னும் மூன்று பேரரசுகள் 1871 முதல் 1918 வரை கூடிய இடம் அது. கருப்புப் பிரெம்சா, வெள்ளைப் பிரெம்சா என்னும் ஈராறுகள் கலக்குமிடத்தில் அமைந்த அதனை மூன்று பேரரசர் முனை என்று அழைத்து, மக்கள் உல்லாசப் பயணமாகச் சென்று கண்டுகளித்தனர். இன்று மூன்று பேரரசரும் இலர். ஆறுகள் மட்டும் போலந்து நாட்டினுள்ளே கலந்து ஓடுகின்றன.

துங்கபத்திரையில் ஒரு முச்சந்தி மறைந்த அதே 1956 நவம்பர் 1-ஆம் நாள், நிஜாம் நாட்டின் நெஞ்சுப் பகுதியில் வேறொன்று பிறந்தது. மொழிவழி மாநிலங்களை அமைத்த சட்டம் ஐதராபாத் மாநிலத்தை மூன்றாகப் பகுத்தது. தெலுங்கு மாவட்டங்கள் ஆந்திரத்தோடும், மராட்டிய மாவட்டங்கள் பம்பாயோடும், கன்னட மாவட்டங்கள் மைசூரோடும் சேர்ந்தன. ஒன்றை மூன்றாகப் பகுத்தால் நடுவில் ஒரு முனை தோன்றியே தீரும். அது நாந்தேடு மாவட்டத்துத் தெக்லூருக்கும், பீதர் மாவட்டத்து ஔராதுக்கும், இன்று காமாரெட்டி மாவட்டத்தில் உள்ள ஜுக்கலுக்கும் இடையே விழுந்தது.

இதனைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாட்டைச் சிறிது கூற வேண்டும். 1956-க்கு முந்தைய படத்தில் நாந்தேடு, பீதர், நிஜாமாபாத் என்னும் மூன்று மாவட்டங்கள் கூடுமிடத்தில் விரலை வைத்துக்கொண்டு, இதுவே பிற்கால முச்சந்தி என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். அன்று. சட்டத்தின் வாசகத்தைப் படித்தால், நாந்தேடு மாவட்டத்துத் தெக்லூர்த் தாலுகாவிலிருந்து பிச்குந்தா, ஜுக்கல் என்னும் இரண்டு சர்க்கிள்களை மட்டும் பிரித்து ஆந்திரத்திற்கு அளித்திருப்பது தெரியும். பீதரின் நாராயண்கேடும் ஆந்திரப் பக்கம் சென்றது. ஆதலின் முச்சந்தி பழைய மாவட்ட மூலையிலிருந்து மேற்கே நகர்ந்து விழுந்தது. மாவட்டத்தை அளவாகக் கொள்ளாமல், தாலுகாவையும் அறுத்து, சர்க்கிள் வரை இறங்கி மொழி பார்த்திருக்கின்றனர். முதல் நாள் வரை ஜுக்கல் உழவர் தம் தாலுகாக் கச்சேரிக்குத் தெக்லூர் சென்றனர். மறுநாள் அக்கச்சேரி வேற்று மாநிலத்தில் இருந்தது. அப்பகுதியில் மராட்டி, கன்னடம், தெலுங்கு மூன்றும், அவற்றோடு உருதுவும் ஒரே சந்தையில் ஒலிப்பவை. எந்த ஊரார் எம்மொழியினர் என்று எண்ணிப் பிரித்தவர்களின் வேலை எளிதாக இருந்திராது.

அப்புள்ளியைச் சூழ்ந்த பெயர்களையும் கேளுங்கள். பிறந்தபோது அவை பம்பாய், மைசூர், ஆந்திரப் பிரதேசம். 1960 மே 1-இல் பம்பாய் மகாராட்டிரம் ஆயிற்று. 1973 நவம்பர் 1-இல் மைசூர் கர்நாடகம் ஆயிற்று. 2014 ஜூன் 2-இல் ஆந்திரப் பிரதேசத்தின் இடத்தில் தெலங்கானா வந்தது. ஆகவே இப்புள்ளியைக் காட்டும் படம் ஒன்று கைக்குக் கிடைத்தால், தலைப்பைப் பாராமலே அது எக்காலத்துப் படம் என்று கூறிவிடலாம். பிள்ளைகளே, விடுமுறையில் இதனை விளையாட்டாக ஆடிப் பாருங்கள்.

நம்மிடையே உள்ள முதிய குடும்பங்கள் சிலவற்றிற்கு இப்படத்தைக் காட்டியபோது அவர்கள் சிரித்தனர். தாத்தா வந்திறங்கியது ஐதராபாத் மாநிலம். தந்தை வேலையில் அமர்ந்தது ஆந்திரப் பிரதேசம். பேரன் பள்ளியில் சேர்ந்தது தெலங்கானா. வீடோ அதே பேகம்பேட் வீடு! சிரிப்பதோடு முடிந்துவிடவும் இல்லை. உள்ளூரார் யார் என்பதனை வரையறுக்கும் குடியரசுத் தலைவர் ஆணை 1975-இல் வந்தது. பிள்ளை எந்த ஆண்டுகளில் எந்த இடத்தில் படித்தான் என்று சான்று தேடி அலைந்த வீடுகள் நம்மிடையே உள்ளன. எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பது படம் சேர்ப்போர்க்கு மட்டும் உரிய கவலை என்று அவ்வீடுகளில் எவரும் சொல்லார்.

மாநிலங்களுக்கிடையே முச்சந்தி நகர்ந்தால் சான்றிதழோடு போகும். நாடுகளுக்கிடையே நகர்ந்தால் படை வந்து நிற்கும். 2017-ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்டு வரை, எழுபது நாட்களுக்கு மேலாக, தோக்லம் என்னும் மேட்டு நிலத்தில் இந்திய வீரரும் சீன வீரரும் எதிரெதிரே நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியா, பூட்டான், சீனம் மூன்றும் கூடும் இடத்தை அடுத்த நிலம் அது. அங்கே சீனர் சாலை அமைக்க முற்பட்டபோது பூசல் எழுந்தது. அதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1890 மார்ச்சு 17-ஆம் நாள் கல்கத்தாவில் ஆங்கில அரசும் சீன அரசும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் இருக்கிறது.

சிக்கிமுக்கும் திபெத்துக்கும் எல்லை வகுத்த அவ்வுடன்படிக்கை, எல்லைக்கோடு பூட்டான் எல்லையில் உள்ள ஜிப்மோச்சி மலையில் தொடங்கும் என்றது. அதே மூச்சில், தீஸ்தா ஆற்றிற்குச் செல்லும் நீரையும் திபெத்தின் மோச்சு ஆற்றிற்குச் செல்லும் நீரையும் பிரிக்கும் மலைமுகட்டின் வழியே அக்கோடு செல்லும் என்றும் கூறியது. இரண்டும் ஒத்திருந்தால் வழக்கே இல்லை. ஆனால் நீர் பிரியும் முகடு செல்லும் இடம் பதாங் லா என்னும் கணவாய் என்பது இந்தியாவும் பூட்டானும் கூறுவது. அது ஜிப்மோச்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மலையின் பெயரே எழுத்தில் இருக்கிறதே என்பது சீனர் வாதம். எழுதியவர்கள் மலையை நேரிற் கண்டு, நீர் எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்து எழுதியிருந்தால், ஒரே வாக்கியத்திற்குள் இவ்விரண்டையும் வைத்திருக்க மாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம்.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பூட்டான் எல்லையில் தொடங்கும் கோட்டை வகுத்த அவ்வுடன்படிக்கையில் பூட்டான் கையெழுத்திடவில்லை. மூன்றாமவர் வீட்டுச் சுவரில் இருவர் ஆணி அடித்தது போல் ஆயிற்று. 127 ஆண்டுகள் கழித்து அந்த ஆணியில் படை மாட்டிக்கொண்டது. முச்சந்திகளை மூன்றாம் நாட்டையும் கலந்தே முடிவு செய்வது என்று இந்தியாவும் சீனமும் 2012-இல் ஓர் இணக்கத்திற்கு வந்திருந்தன. அதன் பின்னரும் பூசல் எழுந்தது என்றால், 1890-இல் கேளாமல் விட்டதன் வலிமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒழுங்காகச் செய்யப்பட்ட முச்சந்தி ஒன்றையும் காட்டாமற் போனால் இவ்வுரை குறையுடையதாகும். அது நம் குமரிமுனைக்குத் தெற்கே, கடலுக்கு நடுவே இருக்கிறது. 1976 ஜூலையில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு என்னும் மூன்று நாடுகளும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தங்கள் கடல் எல்லைகள் கூடும் இடத்தை உறுதி செய்தன. வடக்கே 4 பாகை 47 கலை, கிழக்கே 77 பாகை 1 கலை என்னும் அளவுகளுக்கு அணித்தே அஃது உள்ளது. கன்னியாகுமரியிலிருந்து ஏறக்குறைய 370 கிலோமீட்டர். அங்கே கல் நட முடியாது, கள்ளியும் நட முடியாது, யானையும் நடவாது. மூவரும் ஒப்பிய எண்கள் மட்டுமே அதற்குக் காவல். அப்புள்ளியைப் பற்றி மூன்று நாடுகளுக்கிடையே பூசல் எழுந்ததாக நாங்கள் எங்கும் படித்ததில்லை.

அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1974-இல், பாக்கு நீரிணையில் வகுக்கப்பட்ட கோட்டைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. கச்சத்தீவை இலங்கைப் பக்கத்தில் விட்ட அவ்வொப்பந்தம் இரண்டு அரசுகளுக்கு இடைப்பட்டது. சட்டப்படி அங்கே மூன்றாம் நாடு இல்லை. ஆனால் அக்கடலில் வலை வீசி வாழ்ந்தவர்கள் இரு கரையிலும் இருந்தார்கள். தமிழக அரசு அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தது. இராமேசுவரத்து மீனவர் வீடுகளில் இன்றும் அக்கோட்டைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. அவர்களை மூன்றாமவர் என்று கணக்கில் கொள்வதா என்பதைச் சட்டம் அறிந்தோர் கூறட்டும். ஆனைமங்கலத்தில் அண்டை ஊராரிடம் கையெழுத்து வாங்கியவர்கள் என்ன செய்திருப்பர் என்பது எங்களுக்கு ஐயமில்லை.

இவ்வரங்கின் பின்புறத்தில், சிற்றுண்டி மேசைக்குப் பக்கத்தில், எங்கள் படங்களை விரித்து வைத்திருக்கிறோம். பூதக்கண்ணாடி இரண்டு உள்ளன. துங்கபத்திரை முச்சந்தியைக் காட்டும் படம் இடது கோடியில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்த படம், மெதுவாகத் தொடுங்கள். ஜுக்கல் முச்சந்தியைக் காட்டும் படங்கள் நான்கும் ஆண்டு மறைக்கப்பட்டு அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. எது முந்தியது, எது பிந்தியது என்று சரியாக வரிசைப்படுத்தும் சிறுவர் சிறுமியர்க்கு ஆளுக்கொரு பென்சில் தருவதாகச் சங்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.